சென்னையின் புழுக்க இரவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பாதியில் தொடங்கி ஜூன் கடைசி வரை சென்னையில் பேச்செல்லாம் பகல் வெயிலைப் பற்றித்தான். 100 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் "வெயில் சதமடித்தது" என்று செய்தி வந்துவிடும். ஆனால் ஆளை உண்மையில் அடித்துப் போடுவது இரவு. பகலில் நிழலுக்கு ஒதுங்கலாம், வேலையைத் தள்ளிப்போடலாம். ராத்திரி 1 மணிக்கு மின்விசிறிக்குக் கீழே வியர்வையில் நனைந்து கிடப்பவருக்குப் போக்கிடம் கிடையாது. அக்கம்பக்கத்திலும் வேலையிடத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே தொகுத்து, தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன்.

பகலில் 40 டிகிரியையே தாங்குகிறோம். இரவில் 30 டிகிரி என்றால் என்ன ஆகிவிடும்?

பகல் வெயிலில் உடம்பு பட்ட பாட்டை இரவுதான் சரிசெய்ய வேண்டும். தூக்கம் வரும் நேரத்தில் உடம்பின் உள்வெப்பம் ஏறக்குறைய 1 டிகிரி இறங்குகிறது. அது இறங்கினால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும், இதயத் துடிப்பும் தளரும். அறை சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் உடம்பு அந்த 1 டிகிரியை இறக்கத் தோலுக்கு ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதயம் இரவிலும் ஓவர்டைம் பார்க்கிறது.

சென்னையில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. காற்று 30 டிகிரியாக இருந்து ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால், உடம்புக்கு அது ஏறக்குறைய 38 டிகிரி போலத் தெரியும். மே மாத இரவில் இது இங்கே அரிதே இல்லை. வியர்வை வரும், ஆனால் காயாது. காயாத வியர்வையால் உடம்பு குளிராது, நீரும் உப்பும்தான் போகும்.

2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 68 நாடுகளில் கைப்பட்டைக் கருவி அணிந்தவர்களின் தூக்கத்தைக் கணக்கிட்டார்கள். வெளியே 30 டிகிரிக்கு மேல் இருந்த இரவுகளில் ஒருவர் சராசரியாக 14 நிமிடத் தூக்கத்தை இழக்கிறார் என்று தெரிந்தது. 14 நிமிடம்தானே என்று தோன்றும். அது சராசரி. முதியவர்களுக்கு இழப்பு அதிகம், ஏழை நாடுகளில் இன்னும் அதிகம். கைப்பட்டை வாங்கிக் கட்ட முடிந்தவர்களின் கணக்கு அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஷீட் கூரைக்குக் கீழே ஐந்து பேர் படுக்கும் வீட்டில் எவ்வளவு தூக்கம் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓர் இரவு பரவாயில்லை. மூன்று, நான்கு இரவுகள் தொடர்ந்தால்தான் ஆபத்து.

செய்தியில் "குறைந்தபட்ச வெப்பநிலை 29" என்கிறார்கள். நான் படுக்கும்போது அதைவிடச் சூடாக இருக்கிறதே?

இருக்கும். குறைந்தபட்சம் என்பது அந்த இரவின் மிகக் குளிர்ந்த ஒரு நொடி. அது பெரும்பாலும் சூரிய உதயத்தை ஒட்டி, 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் வரும். வானிலை நிலையத்தில் காலை 8.30 மணிக்கு அதைக் குறித்துக்கொள்கிறார்கள். நீங்கள் படுக்கும் 11 மணிக்கு அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. அதுவும் வெளியே, திறந்த வெளியில், நிழற்கூண்டுக்குள் வைத்த கருவியில். உங்கள் படுக்கையறை அதற்கும் மேலே.

இன்னொன்றும் உண்டு. மாலையில் 10 நிமிடம் இடியோடு மழை பெய்தால் வெப்பநிலை சட்டென்று 24-க்கு விழுந்துவிடும். மழை நின்றதும் நடு இரவில் மறுபடி 28, 29-க்கு ஏறி, விடியும் வரை புழுங்கித் தள்ளும். ஆனால் அன்றைய பதிவேட்டில் குறைந்தபட்சம் 24 என்றே இருக்கும். அதைப் பார்ப்பவர் "நல்ல குளிர்ச்சியான இரவு" என்று நினைத்துக்கொள்வார். அதனால்தான் ஒற்றை எண்ணை நம்பாமல் மணிவாரி அளவைப் பாருங்கள் என்கிறேன். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் படுக்கையறையில் கட்டில் உயரத்தில் வைத்தால், உங்கள் வீட்டு இரவு எப்படி என்பது இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

வேலூரில் வெயில் எங்களைவிட அதிகம். ஆனால் விடியற்காலையில் அங்கே கொஞ்சம் ஆறுகிறது. சென்னையில் ஏன் ஆறுவதில்லை?

கடல்தான் காரணம். பகலில் சென்னையைக் காப்பாற்றும் அதே கடல்.

இரவில் தரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டு ஆறுகிறது. காற்று வறண்டிருந்தால் அந்த வெப்பம் தடையில்லாமல் போய்விடும். அதனால்தான் பகலில் கொதிக்கும் ராஜஸ்தான் பாலைவனத்திலும் இரவில் குளிர்காற்று அடிக்கிறது. காற்றில் நீராவி நிறைந்திருந்தால் அது போர்வை போர்த்தின மாதிரி வெப்பத்தைக் கீழேயே நிறுத்திவிடும். மே மாதத்தில் வங்கக் கடலின் மேற்பரப்பு நீரே 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதன்மேல் தவழ்ந்து வரும் காற்று நம் ஊருக்கு நீராவியைச் சுமந்து வருகிறது.

அதோடு ஒரு கணக்கு. காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் ஒரு வெப்பநிலை உண்டு. கோடையில் சென்னையில் அது 25, 26 டிகிரியில் நிற்கும். காற்று அதை நெருங்க நெருங்க மேலும் குளிர்வது கடினமாகிவிடும். ஆக, மழை பெய்தாலொழிய சென்னையின் மே மாத இரவு 26-க்குக் கீழே போவது அரிது. நுங்கம்பாக்கத்தில் மே மாதச் சராசரிக் குறைந்தபட்சமே 28 டிகிரியை ஒட்டித்தான். வழக்கமே அவ்வளவு என்றால், அதற்குமேல் இரண்டு டிகிரி ஏறும் இரவு எப்படி இருக்கும்?

சாயங்காலம் கடற்காற்று வந்துவிட்டால் இரவு நன்றாக இருக்கும் என்பது உண்மையா?

பாதி உண்மை. நல்ல நாளில் கடற்காற்று நண்பகலை ஒட்டியே கரையேறிவிடும். பகல் வெப்பம் 37, 38-ல் நின்றுவிடும். சுவரும் தளமும் குறைவாகச் சூடேறுவதால் இரவும் கொஞ்சம் தாங்கும். மேலைக்காற்று பலமாக அடித்தால் கடற்காற்று 3 மணி வரை வராது, சில நாள் வரவே வராது. வங்கக் கடலில் உருவான புயல் இந்தப் பக்கம் வராமல் வடக்கே போகும்போது அடிக்கடி இப்படி நடக்கிறது. அன்றைக்கு ஊரே உலையாகிவிடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அந்த மாதிரி நாள்களில் தரைக்காற்றின் கைதான் ஓங்கியிருக்கும்.

இரவைப் பொறுத்தவரை காற்றின் வேகம்தான் எல்லாம். 30 டிகிரியிலும் காற்று அசைந்தால் தூங்கலாம். மரத்தில் ஓர் இலைகூட ஆடாத 28 டிகிரி இரவு அதைவிட மோசம்.

பழைய காலத்தில் இவ்வளவு புழுக்கம் இல்லை என்கிறார் என் மாமனார். நினைவில் எல்லாம் இனிக்கிறதா, உண்மையிலேயே மாறிவிட்டதா?

மாறித்தான் இருக்கிறது. அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள்.

முதலில் உலகளாவிய காரணம். கரியமில வாயு போன்றவை தரையிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுக்கின்றன, அது இரவிலும் நடக்கிறது. 1950-களிலிருந்து உலகின் பல பகுதிகளில் பகல் உச்சத்தைவிட இரவுக் குறைந்தபட்சம் வேகமாக ஏறியிருக்கிறது. இதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. பகலில் தரைக்கு மேலே ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை காற்று கலந்து புரளும். இரவில் அந்த அடுக்கு சில நூறு மீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது, சில நேரம் அதைவிடவும் குறைவு. அதே அளவு வெப்பத்தைச் சின்ன அடுக்குக்குள் விட்டால் டிகிரி அதிகமாக ஏறுகிறது. வண்டிப் புகை, ஏசி வெளியே தள்ளும் சூடு என எதை விட்டாலும் இரவில் அதன் விளைவு பெரிது.

அடுத்தது ஊர் வளர்ந்த விதம். நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும் என்பதை 200 ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் லூக் ஹோவர்ட் என்பவர் அளந்து காட்டினார். அவர் கணக்கில் லண்டன் இரவில் கிராமப்புறத்தைவிட 3.7 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 2 டிகிரி செல்சியஸ் அதிகம். பகலில் வித்தியாசம் அநேகமாக இல்லை. நகர வெப்பம் என்பதே பெரிதும் இரவு விவகாரம். பகல் முழுக்கக் கான்கிரீட்டும் தாரும் குடித்த வெயிலை இரவில் கக்குகின்றன. குறுகிய தெருவில் எதிரெதிரே நாலு மாடி நின்றால், ஒரு சுவர் விடும் வெப்பத்தை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. வானம் தெரியும் அளவுக்குத்தான் தெரு ஆறும். சவுகார்பேட்டையின் சந்து ஒன்றில் இரவு 10 மணிக்கு நடந்து, பிறகு கிண்டி தேசியப் பூங்கா மதில் பக்கம் வந்து பாருங்கள், கருவி இல்லாமலே தெரியும்.

மூன்றாவது, ஊரை ஆற்றும் சதுப்பும் மரமும் குறைந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் இப்போதிருப்பதைப் போல் பல மடங்கு விரிந்து கிடந்தது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தபோது எஞ்சியது சுமார் 1,250 ஹெக்டேர். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களுக்கு ஈடாக நட்டவை இன்னும் அந்த நிழலைத் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் வானிலைப் பதிவுகள் 1790-களிலிருந்தே தொடங்குகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் அமைத்தது. இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இருப்பதும் அதே கல்லூரிச் சாலை வளாகத்தில்தான். இத்தனை நீண்ட பதிவு கொண்ட ஊரில் இரவு வெப்பம் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்பது எனக்கு வருத்தமே.

"வெப்ப இரவு" என்று வானிலைத் துறை அறிவிக்குமா?

அறிவிக்கும். ஆனால் சென்னைக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. இந்தப் பக்கத்தில் எல்லோரும் கவனிக்க வேண்டிய பதில் இது என்று நினைக்கிறேன்.

இந்திய வானிலைத் துறையின் விதிப்படி, பகலில் 40 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் வெப்ப இரவு என்ற பேச்சே வரும். அதன்பின் குறைந்தபட்ச வெப்பம் வழக்கத்தைவிட 4.5 முதல் 6.4 டிகிரி கூடினால் வெப்ப இரவு. 6.4-ஐத் தாண்டினால் கடும் வெப்ப இரவு. வடஇந்திய சமவெளிக்கு இது சரியான அளவுகோல். அங்கே இரவு வெப்பம் நாளுக்கு நாள் நிறைய ஏறி இறங்கும்.

சென்னையில் இரவு அப்படித் துள்ளாது. வழக்கம் 28 என்றால் 4.5 கூடுவதற்கு 32.5 ஆக வேண்டும். கடற்காற்று வந்து பகல் 38-ல் நின்று, இரவு 30.5 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமுமாக ஊரே தூங்காமல் கிடந்தாலும், விதிப்படி அது வெப்ப இரவு ஆகாது. பகல் 40-ஐத் தொடவில்லையே!

மற்ற ஊர்களைப் பாருங்கள். ஹாங்காங்கில் குறைந்தபட்சம் 28 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் அது வெப்ப இரவு, அவ்வளவுதான். 2021-ல் அப்படி 61 இரவுகளை எண்ணினார்கள். ஜப்பானில் 25 டிகிரி, ஐரோப்பாவில் 20 டிகிரி. ஜப்பான், ஐரோப்பா எல்லையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சென்னையில் பாதி வருடமாவது வெப்ப இரவாகிவிடும், அதில் பயனில்லை. கடலோர ஊர்களுக்கென்று ஈரப்பதத்தையும் சேர்த்து, பகலோடு முடிச்சுப் போடாத தனி இரவு எச்சரிக்கை வேண்டும். எண்ணாத ஒன்றுக்கு யாரும் திட்டம் போடமாட்டார்கள்.

இரவு வெப்பத்தில் சாதனை படைத்த ஊர்கள் எவை?

நமக்குப் பக்கத்து உதாரணம் டெல்லி. 2024 ஜூன் 19 அன்று சஃப்தர்ஜங் நிலையத்தில் குறைந்தபட்சமே 35.2 டிகிரி. வழக்கத்தைவிட சுமார் 8 டிகிரி அதிகம். 1969-க்குப் பிறகு அங்கே இப்படி ஓர் இரவு இருந்ததில்லை. அந்த வாரத்தில் தெருவில் தங்கியவர்கள், காவலாளிகள், கூலித் தொழிலாளர்கள் என்று பலர் மருத்துவமனைகளில் இறந்தார்கள்.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2023 ஜூலையில் தொடர்ந்து 16 நாள் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஜூலை 19 அன்று குறைந்தபட்சம் 36.1. ஏசி இல்லாத வீடே குறைவான அந்த ஊர் அடங்கிய மாவட்டத்தில் அந்த ஆண்டு வெப்பத்தோடு தொடர்புடைய இறப்புகள் 645.

ஓமானின் குரியாத் கடற்கரை ஊரில் 2018 ஜூனில் 24 மணி நேரத்தில் ஒரு கணம்கூட 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை.

எங்கள் வீடு மேல்மாடி. இரவு 10 மணிக்கும் தளம் சுடுகிறது. என்ன செய்வது?

ஸ்டூல் போட்டு ஏறி இரவு 10 மணிக்கு உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இஸ்திரி போட்டுச் சற்று நேரம் ஆன சட்டை மாதிரி இருக்கும். மதியம் 2 மணிக்கு மேலே விழுந்த வெயில், கான்கிரீட்டைத் துளைத்து உள்பக்கம் வந்து சேர இத்தனை மணி நேரம் ஆகிறது. உங்கள் தலைக்கு மேலே ராத்திரி முழுக்க ஒரு ஹீட்டர் எரிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியைப் பெரிதாக வைத்தால் கூரைக்கடியில் தேங்கிய அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும்.

2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். அதில் முதியவர்களை ஆராய்ந்தபோது, கூரைக்கு நேர்கீழே படுக்கையறை இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று தெரியவந்தது. மேல்மாடிச் சூடு சகித்துக்கொள்ள வேண்டிய அசௌகரியம் மட்டுமில்லை.

பலன் தருவது, செலவு குறைவானதிலிருந்து சொல்கிறேன். கூரைக்கு வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்போ, கூல் ரூஃப் பெயிண்டோ, எதுவானாலும் வெயிலைத் திருப்பி அனுப்பினால் உள்ளே வரும் சூடு குறையும். அறை வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்குவது சாதாரணம். மார்ச்சிலேயே அடித்துவிட வேண்டும், தளத்தை நன்றாகப் பெருக்கிக் கழுவிய பிறகு. தூசி படிந்தால் பலன் போய்விடும், ஆகவே இடையில் ஒருமுறை கழுவுங்கள். கொஞ்சம் காசு இருந்தால் வெள்ளை கூலிங் டைல்ஸ். வாடகை வீடாக இருந்து ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பச்சை நிழல்வலையைத் தளத்திலிருந்து ஓர் ஆள் உயரத்தில் கட்டுங்கள். தளத்தின் மேலேயே விரித்தால் பயன் குறைவு, இடையில் காற்று ஓட வேண்டும்.

சாயங்காலம் 6 மணிக்குத் தளத்தில் தண்ணீர் தெளிப்பது பழைய வழக்கம், வேலையும் செய்யும். சூடான பரப்பிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. துணி துவைத்த தண்ணீர் இருந்தால் ஊற்றுங்கள்.

அப்புறம் மேற்குச் சுவர். பிற்பகல் வெயில் முழுக்க அதில்தான் விழுகிறது. கட்டிலை அதிலிருந்து தள்ளிப் போடுங்கள். பகலில் ஜன்னலையும் திரையையும் மூடி வையுங்கள். வெளியே உள்ளேயைவிடக் குளிர்ந்த பிறகு, பொதுவாக 7, 8 மணிக்கு மேல், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். அது சூட்டை இழுத்து வெளியே தள்ள, மறுபக்கம் வெளிக்காற்று உள்ளே வரும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த கூரை, உயரமான சுவர், மேலே வென்டிலேட்டர் எல்லாம் இருந்தன. இன்று வென்டிலேட்டர் இருந்த இடத்தில் பரண் இருக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டில் இருக்கிறோம். இதே வழிதானா?

வெள்ளை அடிப்பது இங்கே இன்னும் அதிகம் பயன் தரும். மற்றதில் வித்தியாசம் உண்டு. ஷீட் மெல்லியது, பகலில் உடனே கொதிக்கும், இரவில் சீக்கிரம் ஆறும். நடு இரவுக்குப் பிறகு கான்கிரீட் கூரையைவிட ஷீட்டே தேவலை. அங்கே சிக்கல் காற்றோட்டம். ஒற்றைக் கதவு, ஒரு சின்ன ஜன்னல், பாதுகாப்புக்காக இரண்டையும் சாத்தினால் உள்ளே இருப்பவர்களின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து ஈரம் ஏறிவிடும். கதவுக்குக் கம்பிவலை போட்ட இரண்டாம் கதவு வைக்க முடிந்தால் அதைவிட நல்ல செலவு இல்லை. ஷீட்டைத் துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஏர் கூலர் வாங்கலாமா?

மதுரையிலோ திருச்சியிலோ இருந்தால் யோசிக்கலாம். சென்னைக்கு வேண்டாம். தண்ணீர் ஆவியாவதால்தான் கூலர் குளிர்ச்சி தருகிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தில் தோய்ந்திருந்தால் ஆவியாவது குறைந்து, அறையில் ஈரம் மட்டும் ஏறும். ஜன்னலில் ஈரப் போர்வை தொங்கவிடுவதும் இதே கதைதான்.

மொட்டை மாடியில் படுக்கலாமா?

தாராளமாக. திறந்த வானத்தை நோக்கி உடம்பும் வெப்பத்தை விடும், காற்றும் கிடைக்கும். ஆனால் பாயைத் தளத்தில் விரித்தால் 11 மணி வரை முதுகு வேகும். கயிற்றுக் கட்டில் அல்லது நாடாக் கட்டில் போட்டால் கீழேயும் காற்று ஓடும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் படுக்கவே கூடாது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடந்து விழுந்த சம்பவங்கள் ஒவ்வொரு கோடையிலும் செய்தியில் வருகின்றன. கொசுவலை அவசியம்.

ஏசி போட்டால் ஊர் இன்னும் சூடாகிறது என்கிறார்களே, போடுவது தவறா?

ஊர் சூடாவது உண்மை. பீனிக்ஸ் நகரை வைத்துச் செய்த கணினி ஆய்வில், ஏசிகள் வெளியே தள்ளும் சூட்டால் சில பகுதிகளில் இரவு வெப்பம் 1 டிகிரிக்கும் மேல் கூடுகிறது என்று கண்டார்கள். குறுகிய சந்தில் அவுட்டோர் யூனிட் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து ஊதினால், ஏசி இல்லாத அந்த வீட்டுக்காரர்தான் விலை கொடுக்கிறார். முடிந்தால் அதை மொட்டை மாடியில் வையுங்கள்.

அதற்காக 80 வயதுத் தாத்தாவையும் கைக்குழந்தையையும் புழுக்கத்தில் போடச் சொல்லமாட்டேன். 26, 27-ல் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் போதும். ஈரம் இறங்கினாலே தூக்கம் வந்துவிடும். 2020 ஜனவரி முதல் விற்கும் நட்சத்திரக் குறியிட்ட ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்கும். அதிலிருந்து ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம்.

சரியாக ராத்திரி 11 மணிக்கு கரண்ட் போகிறதே?

எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசி போடுகிறோம். தெரு டிரான்ஸ்ஃபார்மர், தரைக்கடி கேபிள் எல்லாம் பகல் சூட்டிலிருந்து இரவில்தான் ஆற வேண்டும். இரவும் சூடு, சுமையும் உச்சம் என்றால் ஃபியூஸ் போகும், கேபிள் கருகும். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாநில அளவில் மின்சாரம் இருந்தும் உங்கள் தெருவில் இல்லாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கடைசி 200 மீட்டர்தான். புதிதாக ஏசி போடும்போது ஈபியில் லோடு கூட்டி எழுதிக்கொடுங்கள். அப்போதுதான் டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வேண்டிய கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

யாரை அதிகம் கவனிக்க வேண்டும்? எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

தனியாக வசிக்கும் முதியவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், இதயம், சிறுநீரகம், சர்க்கரை நோயாளிகள். நீர் பிரியும் மாத்திரை, மனநல மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பு சூட்டைச் சமாளிக்கும் திறன் குறையலாம். அவர்கள் கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. பகலெல்லாம் வெயிலில் வேலை பார்த்துவிட்டு இரவில் தகரக் கொட்டகையில் படுக்கும் கட்டடத் தொழிலாளிக்கு வயது 25 ஆனாலும் ஆபத்துதான்.

முதியவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. ராத்திரி எழுந்து பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். என் அத்தையும் அப்படித்தான். மாலை 5 மணிக்குள் நிறைய மோர், நீராகாரம் கொடுத்துவிட்டு, படுக்கும் முன் ஒரு தம்ளர் மட்டும் கொடுத்தால் ஒத்துக்கொள்கிறார். அதிகம் வியர்த்தவர்களுக்கு 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுக்கலாம்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு இருந்தால் குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, உடம்பைத் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் உளறினால், வலிப்பு வந்தால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணியோ ஐஸோ வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

அரசு என்ன செய்கிறது?

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் வெயிலில் சுருண்டு விழுந்தவரின் மரணம்தான் கணக்கில் வரும். புழுக்க இரவில் தூக்கத்திலேயே போய்விடும் முதியவருக்கு மாரடைப்பு என்றே எழுதுவார்கள்.

ஆமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததைக் கணக்கெடுத்த பிறகுதான், 2013-ல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. தெலங்கானா 2023-ல் கூல் ரூஃப் கொள்கையே வெளியிட்டது. சென்னையில் எனக்கு முதலில் வேண்டியது இரண்டு. பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் எல்லாத் தளங்களுக்கும் அரசு செலவில் வெள்ளை அடிக்க வேண்டும். புழுக்கம் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் மாநகராட்சிச் சமுதாயக் கூடங்களை இரவிலும் திறந்து வைத்து, மின்விசிறியும் தண்ணீரும் கழிப்பறையும் தர வேண்டும். நீர்மோர்ப் பந்தல் பகலோடு மூடிவிடுகிறது.

அக்னி நட்சத்திரம் முடிந்தால் இரவும் குறைந்துவிடுமா?

மே 28 வாக்கில் கத்திரி முடிகிறது, புழுக்கம் முடிவதில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் பெய்யும்போது இங்கே மேலைக்காற்று பலப்பட்டு, கடற்காற்று தாமதமாகும். ஜூன் முதல் பாதி பல ஆண்டுகளில் மே மாதத்துக்குச் சளைத்ததில்லை. பிறகு மாலை இடிமழை அடிக்கடி வரத் தொடங்கும். ஜூலை, ஆகஸ்டில் சராசரிக் குறைந்தபட்சம் 26 பக்கம் வந்துவிடும். ஆகவே வெள்ளை அடித்த தளத்தை மே கடைசியில் இன்னொரு தடவை கழுவி விடுங்கள், நிழல்வலையை ஜூலை வரை அவிழ்க்க வேண்டாம்.